தொட்டதுக்கெல்லாம் ஊதுவதா, விட்டுப் பிடிப்பதா? கூடைப்பந்து நடுவர் எடுக்க வேண்டிய முடிவு

பள்ளிக்கூடம் திறந்து குறுவட்டப் போட்டிகளுக்குத் தேதி குறித்ததும், புதிதாக விசில் எடுக்கிற தம்பி தங்கைகளிடமிருந்து வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), டபுள் டிரிபிள் (தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது), மூன்று விநாடி (எதிரணி ரிங்குக்குக் கீழே அதிக நேரம் நிற்பது) எல்லாம் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். உடம்போடு உடம்பு படும்போதுதான் சிக்கல். எதற்கு ஊத வேண்டும், எதை விட வேண்டும்? ஊதினால் ஒரு பக்கம் கத்துகிறார்கள், விட்டால் இன்னொரு பக்கம் கத்துகிறார்கள். இதில் தடுமாறாமல் ஊதுவது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் இதற்கு மூன்று விதமான பதில் கிடைக்கும். மூத்த உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர், "கை பட்டா ஊதிரு, ஆட்டம் உன் கைக்குள்ள இருக்கும்" என்பார்கள். கல்லூரி அணியில் ஆடிவிட்டு நடுவரானவர்கள், "சும்மா சும்மா ஊதாத, பையங்கள ஆட விடு" என்பார்கள். நடுவர் தேர்வுக்குப் படித்தவர்கள், "அட்வான்டேஜ் பார்த்து ஊது" என்பார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே ஆட்டத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்கிறவர்தான் அதிகம் திட்டு வாங்குகிறார். அதனால் டாஸுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர் மேல் கை வைத்தால் எடை போடாமல் ஊத வேண்டும். துள்ளியவர் இறங்கும் இடத்துக்குள் புகுந்து இடித்தாலும் அப்படியே. மற்ற எல்லா இடத்திலும் எடை போட்டுத்தான் ஊத வேண்டும். முழுக் கண்டிப்பும் வேண்டாம், முழுத் தாராளமும் வேண்டாம். ஏன் என்பதற்கு மற்ற வழிகளின் நல்லது கெட்டதைப் பார்த்துவிட்டு வருவோம்.

விதி எங்கே நிற்கிறது

உரசல் இல்லாத கூடைப்பந்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்துக்குள் பத்துப் பேர் ஓடுகிறார்கள். அதிலும் பாதி நேரம் எல்லோரும் ஒரே ரிங்குக்குக் கீழே கூடிவிடுகிறார்கள். ஆனாலும் இந்த ஆட்டம் பிறந்தபோதே உடம்பு மோதலைப் பற்றிய கவலை இருந்தது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது விதி, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தடுக்கி விடுவது, அடிப்பது எதற்கும் இடமில்லை என்றது. முதல் தடவை ஃபவுல். இரண்டாவது தடவை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் நோக்கம் தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை உள்ளே வர முடியாது.

இன்றைக்கு நாம் பின்பற்றுகிற, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளில் 33ஆவது விதி முழுக்க இதைப் பற்றியதுதான். அதன் அடிப்படை, ஒவ்வொரு வீரருக்கும் தன்னைச் சுற்றி ஓர் உருளை அளவு இடம் சொந்தம் என்பது. முன்பக்கம் உள்ளங்கை வரை, பின்பக்கம் பிட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி ஓரம் வரை. அந்த உருளைக்குள் நேராக மேலே துள்ளலாம், கையைத் தூக்கலாம். அதைத் தாண்டி வந்து எதிராளியின் மேல் பட்டால் பொறுப்பு தாண்டியவருடையது. இந்த ஒரு கருத்து மனதில் ஊறிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். யார் மேல் யார் விழுந்தார்கள் என்று பார்ப்பதை விட்டு, யாருடைய இடத்துக்குள் யார் வந்தார்கள் என்று பார்க்க ஆரம்பிப்பீர்கள்.

கையால் தொடுவதைப் பற்றியும் விதி தெளிவாகவே பேசுகிறது. தொட்டதனால் மட்டுமே ஃபவுல் ஆகிவிடாது. தொட்டவருக்கு ஆதாயம் கிடைத்ததா என்று நடுவர் பார்க்க வேண்டும். எதிராளியின் நகர்வை எந்த விதத்திலாவது தடுத்தால் ஃபவுல். கை மேலேயே தங்கி நகர்வைத் தடுத்தால் ஃபவுல். மறுபடி மறுபடி தொட்டுத் தொட்டு எடுத்தாலும் ஃபவுல், ஏனென்றால் அது முரட்டு ஆட்டத்தில் கொண்டுபோய் விடும். இந்தக் கடைசிக் காரணத்தை விதியே எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கை பட்டாலே ஊதுவது

முதல் வழியின் பெரிய பலம், யோசிக்க வேண்டியதில்லை என்பது. கண்ணில் பட்டது, விசில் அடித்தது, முடிந்தது. புதியவருக்குக் கை நடுங்காது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆட்டத்தில் இது உதவியும் செய்கிறது. அந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் காலை நகர்த்தித் தடுக்கத் தெரியாது, கையை நீட்டித்தான் தடுப்பார்கள். விசில் கேட்டுக் கேட்டுத்தான் கையை மடக்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஆனால் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் இதே வழியில் போனால் என்ன ஆகும்? ஒரு கால்பகுதி பத்து நிமிடம். அதற்குள் ஓர் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து தடுப்பவர் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீத்ரோ (யாரும் மறிக்காமல் ரிங்கில் எறியும் வாய்ப்பு). மூன்று நிமிடத்தில் நான்கையும் எண்ணி முடித்தால் மிச்ச ஏழு நிமிடம் ஃப்ரீத்ரோ வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். ஐந்து ஃபவுல் வாங்கிய வீரர் வெளியே போக வேண்டும். அணியின் நல்ல பிவட் (ரிங் பக்கம் ஆடும் உயரமானவர்) மூன்றாவது கால்பகுதியிலேயே பெஞ்சில் உட்கார்ந்தால், மாவட்டத்தின் சிறந்த அணி எது என்று அந்தப் போட்டி சொல்லாது. ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டைப் பிடிக்க எல்லோரும் துள்ளும்போது முழங்கை லேசாக உரசியதற்கு ஒருவரை வெளியே அனுப்புவது விதியின் நோக்கமும் இல்லை. நடுவரின் கடமைகளைச் சொல்லும் பகுதியிலேயே, ஒருவருக்கு ஆதாயமும் மற்றவருக்கு நஷ்டமும் தராத தற்செயலான உரசலுக்காக ஆட்டத்தின் ஓட்டத்தை வீணாக நிறுத்த வேண்டாம் என்று இருக்கிறது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் வரும். கால் மணி நேரத்தில் தங்களுக்கே சலித்துப்போய் மெல்ல மெல்ல விட ஆரம்பிப்பார்கள். முதல் பாதியில் ஃபவுலாக இருந்தது இரண்டாம் பாதியில் ஃபவுல் இல்லை என்றால் எந்த கோச் பொறுத்துக்கொள்வார்?

ஆட விடுவது

கல்லூரி ஆட்டங்களிலும் ஓப்பன் டோர்னமென்ட்களிலும் எல்லோரும் விரும்புகிற வழி இதுதான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஆடுகிறவர்கள் பலமான உடம்புக்காரர்கள், வருடக்கணக்கில் ஆடியவர்கள். தோள் உரசினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டம் ஓடினால் பார்க்கிறவர்களுக்கும் சந்தோஷம். சாயங்காலம் லைட் போட்டு நடக்கிற ஆட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு விசில் கேட்டால் கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் இந்தத் தாராளத்தின் கணக்கை யார் செலுத்துகிறார் என்று பாருங்கள். எப்போதும் சிறிய உடம்புக்காரர்தான். வேகமும் கைத்திறனும் உள்ள ஒரு கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) பந்தை மேலே கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பவர் தன் இடது உள்ளங்கையை அவருடைய இடுப்பில் வைக்கிறார். தள்ளவில்லை, அடிக்கவில்லை, வெறுமனே வைத்திருக்கிறார். கூட்டத்தில் யாருக்கும் அது கண்ணில் படாது. ஆனால் கார்டு வலது பக்கம் வெட்டப் பார்க்கும்போது அந்தக் கை ஒரு நொடி முன்னதாகவே அதைத் தெரிந்துகொள்கிறது. இடுப்பு திரும்புவது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும், தடுப்பவர் அதற்குள் அந்தப் பக்கம் காலை வைத்துவிடுவார். கார்டு பந்தைக் காப்பாற்ற உடம்பைத் திருப்புகிறார், டிரிபிள் உயர்ந்துவிடுகிறது, கண் கீழே போகிறது. ரிங்குக்குப் பக்கத்தில், போஸ்ட்டில் கையைத் தூக்கி நிற்கிற பிவட்டுக்குப் போக வேண்டிய பாஸ் அரை நொடி தாமதிக்கிறது. அதற்குள் அவருக்கு முன்னால் ஆள் வந்துவிட்டது. பாஸ் வெட்டுப்படுகிறது. கூட்டம் அதை கார்டின் தவறு என்று நினைக்கிறது. கார்டு மட்டும் நடுவரைத் திரும்பிப் பார்த்து, "கைய வச்சுக்கிட்டே வாரான் சார்" என்கிறார்.

அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார். அந்தக் கையைத் தட்டி விடுவார். அதற்கடுத்த தடவை முழங்கையால் தட்டுவார். முதல் கால்பகுதியில் இடுப்பில் இருந்த உள்ளங்கையை விட்டவர்தான் மூன்றாவது கால்பகுதியில் இரண்டு பேரை விலக்கிவிட வேண்டி வருகிறது. தாராளமாக விட்ட ஆட்டம் சண்டையில் முடிவதைப் பார்த்த யாரும் அதற்கான காரணத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தேட மாட்டார்கள்.

பெண்கள் ஆட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். "பொம்பளப் பிள்ளைகதான, பெரிசா என்ன இடிச்சிரப் போகுது" என்று விசிலைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் அதே வேகத்தில் பந்தோடு ரிங்கை நோக்கி டிரைவ் செய்கிறார்கள், அதே சிமெண்டில்தான் விழுகிறார்கள். அவர்களுக்குத் தனி அளவுகோல் வைப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

எடை போட்டு ஊதுவது

மூன்றாவதுதான் புத்தகம் சொல்லும் வழி. உடம்பு பட்டது, சரி. பட்டதால் யாருக்கு என்ன போயிற்று? நாலு விஷயத்தைப் பார்க்கச் சொல்வார்கள்: பந்து வைத்திருப்பவரின் தாளம் கெட்டதா, வேகம் குறைந்ததா, நிலை தடுமாறியதா, சட்டென்று திரும்பும் சுறுசுறுப்பு போனதா. ஒன்று கெட்டிருந்தாலும் ஊது. எதுவும் கெடவில்லை என்றால் விடு.

இது நல்ல வழி. அனுபவம் உள்ளவர் கையில் மிகவும் நல்ல வழி. லே-அப் (ரிங்குக்கு அருகே ஓடித் துள்ளிப் பந்தைப் போடுவது) போகிறவர் கையில் ஒரு தட்டு விழுகிறது, அவர் அதையும் தாங்கிப் பந்தைப் போர்டில் வைக்கப் போகிறார். நல்ல நடுவர் அந்த ஒரு நொடி பொறுப்பார். அந்த நகர்வின் ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் பார்த்துவிட்டு ஊதுவார். கொஞ்சம் தாமதமாக வந்த சரியான விசிலுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் புதியவருக்கு இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. எடை போட நேரம் வேண்டும், பார்த்துப் பழகிய கண் வேண்டும். இரண்டும் இல்லாதபோது என்ன நடக்கும்? பாஸ் வெட்டுப்பட்டதா என்று பார்த்து ஊத ஆரம்பிப்பார். விழுந்தால் ஃபவுல், விழவில்லை என்றால் ஃபவுல் இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் வீரர்கள் விழக் கற்றுக்கொள்வார்கள். வேண்டுமென்றே விழுந்து நடிப்பவரை முதலில் எச்சரித்து, மறுபடி செய்தால் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்) கொடுக்க விதி இருக்கிறது. ஆனால் நடிப்புக்குப் பலன் கிடைக்கும் என்று நாமே காட்டிவிட்ட பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை. "அங்க குடுத்தீங்க, இங்க ஏன் சார் குடுக்கல?" என்று கோச் கேட்டால் சொல்லப் பதிலும் இருக்காது.

ஏன் பிரித்துக்கொள்ள வேண்டும்

நான் சொல்கிற வழி இந்த மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் இடையில் வேலி போட்டுக்கொள்வது. எந்த உரசல் எடை போட வேண்டியது, எது எடை போடக் கூடாதது என்று முன்பே பிரித்துவிடுவது. இது புதிதாக நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்கள் முதல் பிரிவு ஆட்டங்களின் சராசரி 2012-13 பருவத்தில் ஓர் அணிக்கு 67.5 புள்ளியாக இறங்கியது. 1950களின் தொடக்கத்துக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. தடுப்பவர்கள் கையை வைத்தே ஆட்டத்தை நெரித்துவிட்டார்கள். அதனால் 2013-14 பருவத்தில், பந்தைத் தட்டி வருபவர் விஷயத்தில் நான்கு செய்கைகளை யோசிக்காமல் ஃபவுலாக ஊதச் சொன்னார்கள்: கையையோ முன்கையையோ வைத்து அப்படியே வைத்திருப்பது, இரண்டு கையையும் வைப்பது, தொட்டுத் தொட்டு எடுப்பது, முன்கையைக் கம்பி போல வைத்து வழி மறிப்பது. பருவத்தின் முதல் வாரங்களில் விசில் கூடியது, ஒரே புலம்பல். ஆனால் வீரர்கள் மாறிக்கொண்டார்கள். அந்தப் பருவத்தின் சராசரி 71 அளவுக்கு ஏறியது. அடுத்த வருடமே அங்கே உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்தார்கள்.

நம் விதிப் புத்தகத்தில் இப்படி நாலு வரிப் பட்டியல் இல்லை. ஆனால் தங்கிய கை, திரும்பத் திரும்பத் தொடும் கை, நகர்வைத் தடுக்கும் நீட்டிய கை எல்லாம் 33ஆவது விதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதனால் இந்த நாலையும் மனதில் வைத்து ஊதுகிறவர் விதிக்கு வெளியே ஒன்றும் செய்யவில்லை. தயக்கத்தை மட்டும் தூக்கிப் போடுகிறார்.

புதியவருக்குத் துணிச்சல் வருவதும் இந்த வழியில்தான். துணிச்சலைக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கண்ணில் அது முன்கூட்டியே செய்துவைத்த வேலை. இரண்டு கை இடுப்பில் இருந்தால் ஊதுவேன் என்று வீட்டிலேயே முடிவு செய்தவருக்கு, ஆட்டத்தில் அந்தக் கையைப் பார்த்ததும் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. விசில் ஒரே மூச்சில், பலமாக வரும். முஷ்டி மடக்கிய கை நேராக மேலே போகும். டேபிளுக்குப் போய் எண்ணைக் காட்டும்போது விரல் தடுமாறாது. யோசித்துக்கொண்டே ஊதுகிறவரின் விசில் இழுபறியாக ஒலிக்கும். அதைக் கேட்ட உடனே எல்லாக் குரலும் அவர் மேல் பாயும்.

இரண்டாவது வேலி, காற்றில் இருப்பவர். துள்ளி எழுந்தவர் தான் கிளம்பிய இடத்திலோ, அவர் கிளம்பும்போது காலியாக இருந்த வேறு இடத்திலோ இறங்க உரிமை உள்ளவர். அவர் தரையை விட்ட பிறகு அந்த இடத்துக்குள் நகர்ந்து வந்து இடித்தால் எடைக்கே இடமில்லை. இதில் நான் கண்டிப்பாக இருக்க இன்னொரு காரணம் நம் கோர்ட். அண்ணா விளையாட்டு அரங்கமோ பள்ளிக்கூட மைதானமோ, வெளிக் கோர்ட் என்றால் நமக்கு அநேகமாக சிமெண்ட்தான். மரத்தளத்தில் விழுந்தவர் எழுந்து ஓடுவார். சிமெண்டில் விழுந்தவருக்கு முழங்கை தோல் பெயர்ந்துவிடும், மணிக்கட்டில் முறிவே வரலாம். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் தரையில் ஈரம் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். தரை எதுவோ அதற்கேற்ற கண்டிப்பு வேண்டும் என்பது என் கருத்து.

மோதல் யார் மேல்?

பந்தோடு வருபவரும் தடுப்பவரும் மார்போடு மோதி விழுகிறார்கள். பிளாக்கிங்கா (தடுப்பவர் தவறு), சார்ஜிங்கா (பந்தோடு வந்தவர் தவறு)? இதில் பட்டியல் உதவாது, பார்வைதான் உதவும். நம் ஊர்க் கூட்டத்தில் கேட்கும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "நின்னுக்கிட்டுதான இருந்தான்!" அல்லது, "நகந்துட்டான் சார், அவன் மேலதான் ஃபவுல்!" இரண்டுமே விதியைத் தவறாகப் பிடித்த வாதம். தடுப்பவர் சிலையாக நிற்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முதலில் எதிராளியைப் பார்த்தபடி இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அந்த நிலையை எடுத்துவிட்டால் அதன்பின் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். மோதல் அவர் மார்பில் விழுந்தால் சார்ஜிங். பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் வந்து நிற்பதற்கு இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்ற கணக்கும் கிடையாது. பந்து இல்லாதவரைத் தடுக்கும்போதுதான் அவர் நிற்கவோ திரும்பவோ ஓர் எட்டு, இரண்டு எட்டு இடம் விட வேண்டும்.

அப்படியானால் பார்க்க வேண்டியது தடுப்பவரை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மோதல் நடந்த பிறகுதான் கண் அங்கே போகும், பார்க்காததை ஊகித்து ஊத வேண்டியிருக்கும். டிரைவ் கிளம்பும்போதே தடுப்பவரின் காலைப் பார்த்துவிட்டால் பதில் மோதலுக்கு முன்பே கையில் இருக்கும். ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நிற்பவர் மேல், பந்தோடு துள்ளி ஷூட் செய்பவரோ பாஸ் கொடுப்பவரோ மோதினால் சார்ஜிங் கிடையாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அந்தக் கோடு அழிந்துபோன கோர்ட்டாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே சுண்ணாம்பால் போடச் சொல்லுங்கள்.

கையை நேராகத் தூக்கி நேராகத் துள்ளும் தடுப்பவரைக் காப்பாற்றவும் துணிச்சல் வேண்டும். ஷூட் செய்பவர் அவர் மேல் போய் இடித்து விழுந்தால், "அடிக்கான் சார், அடிக்கான்" என்று முழு பெஞ்சும் எழுந்து நிற்கும். விசில் ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புதான். உள்ளங்கையைக் காட்டி அமைதியாக ஓடிக்கொண்டே இருங்கள்.

ரீபவுண்டில் இடத்தை விட்டுத் தள்ளப்பட்டால் மட்டும் ஊதினால் போதும். நகரும் ஸ்கிரீனும் (சக வீரருக்காக எதிராளியை மறிப்பவர் நிற்காமல் நகர்வது) அப்படித்தான், தடுப்பவர் அதனால் தன் ஆளைத் தொலைத்தாரா என்று பாருங்கள்.

வாயால் சொல்வதா, விசிலால் சொல்வதா?

போஸ்ட்டில் பந்து வருவதற்கு முன்பு இரண்டு பேர் இடம் பிடிக்க முட்டிக்கொண்டிருந்தால் நான் வாயால் சொல்வதைத்தான் விரும்புவேன். "ஏழு, கையை எடு" என்று அவர் காதில் விழும்படி ஒரு தடவை சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். அங்கே பந்து இன்னும் வரவில்லை, ஆதாயம் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. டிரிபிள் செய்பவர் விஷயத்தில் அப்படி இல்லை. நாம் "கை, கை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இழக்க வேண்டியதை இழந்துவிடுகிறார். வாயால் சொல்லிச் சொல்லி எடுக்க வைப்பது இலவசமாக ஃபவுல் செய்யக் கொடுப்பதற்குச் சமம். அங்கே முதல் ஐந்து நிமிடத்திலேயே விசில்தான். இரண்டு தடவை கேட்டதும் பத்துப் பேரும் புரிந்துகொள்வார்கள்.

கோச்சிடம் விளக்கம் சொல்வதா, பேசாமல் இருப்பதா என்பதும் நம் ஊரில் பெரிய கேள்வி. இங்கே நடுவருக்கும் கோச்சுக்கும் பழக்கம் இல்லாமல் இருக்காது. உங்களுக்கு முதன்முதலாக லே-அப் சொல்லிக்கொடுத்த பி.டி. சாரே எதிரில் கோச்சாக நிற்கலாம். அவரிடம் விறைப்பாக முகத்தைத் திருப்புவதும் அழகில்லை, நின்று வாதாடுவதும் சரியில்லை. "சார், பதினொண்ணாம் நம்பர் ரெண்டு கையும் இடுப்புல இருந்தது" என்று ஒரே வரி. எண், என்ன செய்தார், அவ்வளவுதான். அவர் மறுத்தால் இரண்டாவது வரி வேண்டாம். பட்டியல் வைத்து ஊதுவதின் லாபம் இங்கேயும் தெரிகிறது, என்ன கண்டேன் என்று சொல்ல முடிகிறது. எடை போட்டு ஊதியதை ஒரு வரியில் விளக்குவது மூத்தவர்களுக்கே கஷ்டம்.

கடைசி இரண்டு நிமிடத்தில் அளவுகோலை மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றவே கூடாது. "ஆட்டத்தை நடுவர் முடிக்கக் கூடாது" என்று விசிலை விழுங்குகிறவர், முதல் நிமிடத்தில் ஃபவுலாக இருந்ததைச் செய்தவருக்கு வெற்றியைக் கொடுக்கிறார். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் நேரமும் அதுதான். முதல் கை பட்டதுமே ஊதிவிடுங்கள். அதை விட்டால் இரண்டாவது கை இன்னும் பலமாக வரும், மூன்றாவது சட்டையைப் பிடித்து இழுக்கும். அப்போது அது பந்துக்கான முயற்சியாக இருக்காது, அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் (விளையாட்டு உணர்வுக்கு ஒவ்வாத) ஃபவுல் ஆகிவிடும். ஃப்ரீத்ரோவும் போய், பந்தும் எதிரணிக்கே போய்விடும். சாதாரண ஃபவுலாக முடிந்திருக்க வேண்டியதை நம் தயக்கம் அங்கே கொண்டுபோய் விட்டதாக ஆகும்.

எந்த ஆட்டத்துக்கு எது

குறுவட்டத்தில் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டமா, முதல் வழிக்குப் பக்கமாகச் சாயுங்கள். ஊதிவிட்டு அந்தப் பிள்ளையிடம் கையை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். 17, 19 வயதுப் பிரிவுக்கும் வருவாய் மாவட்டப் போட்டிக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் நான் சொன்ன பிரித்த வழி. கல்லூரி, ஓப்பன் ஆட்டங்களில் போஸ்ட்டிலும் ரீபவுண்டிலும் இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். டிரிபிள் செய்பவர் மேல் வைக்கும் கைக்கு அங்கேயும் அதே விசில்தான்.

இரண்டு நடுவர் ஆட்டத்தில் உங்களோடு சேர்ந்து ஊதுபவர் வேறு பழக்கம் உள்ளவராக இருக்கலாம். பெரும்பாலும் அவர் மூத்தவராகவும் இருப்பார். வார்ம்-அப் நடக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள்: "அண்ணாச்சி, டிரிபிள் பண்றவன் மேல ரெண்டு கை வச்சா ரெண்டு பேரும் ஊதிருவோமா?" சரி என்றால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். அவர் "பார்த்து ஊதிக்கலாம்ல" என்று இழுத்தால், தாராளம் எந்த அளவுக்கு என்று கேட்டு, கை விஷயத்தில் நீங்கள் அவர் அளவுக்கு வந்துவிடுங்கள். ஒரு ரிங்கில் ஒரு சட்டம், மறு ரிங்கில் வேறு சட்டம் என்பது இரண்டு அணிக்கும் அநியாயம். காற்றில் இருப்பவர் விஷயத்தில் மட்டும் இறங்கிப் போக வேண்டாம், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் கால்பகுதி முடிந்து கிடைக்கும் இரண்டு நிமிடத்தில், ஸ்கோர் ஷீட்டில் இரண்டு அணியின் ஃபவுலையும் காட்டி மறுபடி ஒரு தடவை பேசுங்கள். ஆட்டம் முரடாகப் போவது அதற்குள் அவர் கண்ணிலும் பட்டிருக்கும்.